கதை எழுதச் சொல்லித்தர முதலில் ம் கொட்ட ஓர் ஆள் வேண்டும்

கேள்வி இதுதான்: நடுநிலைப் பள்ளியில் புதிதாகத் தமிழ் எடுக்க வந்திருக்கும் ஒருவர், 6 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதையின் அமைப்பைச் சொல்லிக்கொடுத்துச் சொந்தமாகக் கதை எழுத வைப்பது எப்படி என்று கேட்கிறார். தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று கரும்பலகையில் மலை மாதிரி ஒரு படம் போட்டு விளக்கினாராம். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அதை அழகாக நோட்டில் வரைந்துகொண்டார்களாம். சரி, இப்போது கதை எழுதுங்கள் என்றால் 38 பேரும் "ஓர் ஊரில் ஒரு ராஜா" என்று தொடங்கி "நீதி: பேராசை பெருநஷ்டம்" என்று முடித்துவிட்டார்களாம். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் 20 வருஷத்துக்கு மேல் இதே வேலையைச் செய்தவள், இதே மலையை நானும் பல வருஷம் வரைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மலை. குஸ்தாவ் ஃப்ரெய்டாக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1863இல் நாடகக் கலை பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வந்த படம் அது. அவர் மனதில் இருந்தவை கிரேக்கத் துன்பியல் நாடகங்களும் ஷேக்ஸ்பியரும், அதாவது மேடையில் மணிக்கணக்கில் ஓடுகிற நாடகங்கள். ஏறப் பாதி, இறங்கப் பாதி என்று உச்சி நட்டநடுவில் நிற்பது அவற்றுக்குச் சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றரைப் பக்கத்தில் எழுதுகிற கதைக்கு? பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா வாயைத் திறக்கிறது, வடை விழுகிறது, நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது, முடிந்தது. இறக்கம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. படத்தை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளை கதையைப் பற்றி யோசிக்காமல் கட்டத்தை நிரப்பப் பார்க்கும், படிவம் பூர்த்தி செய்கிற மாதிரி. அந்தப் படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏழெட்டுக் கதை எழுதின பிறகு, 8ஆம் வகுப்புக் கடைசியில் காட்டுங்கள். அப்போது "டீச்சர், என் கதைக்கு இது பொருந்தல" என்று ஒருத்தன் சொல்வான். அந்தப் பேச்சுக்காகவே காட்டலாம்.

கதையின் அமைப்பு பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. மதிய இடைவேளை முடிந்து மணி அடித்ததும் உங்களிடம் வருகிற புகாரைக் கவனித்திருக்கிறீர்களா?

"டீச்சர், இவன் என் செருப்பத் தூக்கிக் கூரை மேல போட்டுட்டான் டீச்சர்!"

"அவன்தான் டீச்சர் மொதல்ல என் பேனாவ வாங்கிட்டுத் தரல."

"தரேன்னுதான் டீச்சர் சொன்னேன். நேத்து இவன் என்ன பண்ணுனான் தெரியுமா டீச்சர்? கேளுங்க, இவளும் பார்த்தா."

இதில் எல்லாம் இருக்கிறது. சூடான இடத்தில் கதை தொடங்கிவிட்டது, பின்னால் போய்க் காரணம் சொல்லியாயிற்று, எதிர்ப்பக்கத்து ஆளின் பார்வை வந்துவிட்டது, சாட்சிக்கு ஒரு பாத்திரம் நுழைந்துவிட்டது, உரையாடல் உயிரோடு இருக்கிறது. இந்தப் பையன் "நான் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குக் கிளம்பினேன்" என்று தொடங்கவில்லை. கடைசியில் நீதியும் சொல்லவில்லை. நீதி சொல்லுகிற ஆள் நான்தான். இதே பையனிடம் நோட்டைக் கொடுத்தால் ராஜாவுக்குப் போய்விடுகிறான், ஏனென்றால் நோட்டு என்பது வேறு ஊர், அங்கே வேறு பாஷை என்று அவனுக்கு நாம்தான் ஆறு வருஷமாகப் பழக்கியிருக்கிறோம். வாயில் இருப்பதை நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் வேலை, புதிதாக எதையும் உள்ளே ஊற்ற வேண்டியதில்லை. அதனால் என்னுடைய முதல் பயிற்சி எப்போதும் "புகார் எழுது". போன வாரம் உனக்கு நடந்த ஓர் அநியாயத்தை எனக்குப் புகாராக எழுது, நான் உன் பக்கம் தீர்ப்புச் சொல்கிற மாதிரி எழுது. அரைப் பக்கம் தாண்டாத பிள்ளைகள்கூட இரண்டு பக்கம் எழுதுவார்கள். (தீர்ப்புக் கேட்டு வருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.)

அடுத்தது காரணம். நம் ஊரில் கதை தொடங்கும்போது ஒரு வரி சொல்வோமே, "கதை கதையாம் காரணமாம், காரணத்தில் ஒரு தோரணமாம்" என்று. எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்த வரி அது, ஆசிரியர் ஆகிப் பல வருஷம் கழித்துத்தான் அது எதுகைக்காக மட்டும் வந்த வரி இல்லை என்று உறைத்தது. கதை என்றால் காரணம். காரணத்தைத் தோரணம் மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்துக் கட்ட வேண்டும். சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும், ஆனால் முன்னது பின்னதற்குக் காரணமாக இருக்காது, கதைப்பின்னலில் மட்டமான வகை அதுதான் என்று அரிஸ்டாட்டிலும் சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் இதை இப்படிச் செய்வேன். ஒரு பிள்ளையின் "திருவிழா" கதையை, அவன் சம்மதத்தோடு, பலகையில் எழுதுவேன். திருவிழாவுக்குப் போனோம். அப்புறம் ராட்டினம் ஏறினோம். அப்புறம் பஞ்சுமிட்டாய் வாங்கினோம். அப்புறம் சாமி பார்த்தோம். அப்புறம் வீட்டுக்கு வந்தோம். இப்போது எல்லா "அப்புறம்"களையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் "அதனால" அல்லது "ஆனா" இரண்டில் ஒன்றைத்தான் போடலாம், பொருந்தவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பேன். ராட்டினம் ஏறணும்னு ஆசை, ஆனா கையில 20 ரூபாதான் இருந்துச்சு. அதனால தங்கச்சி பஞ்சுமிட்டாய்க் காசையும் வாங்கிக்கிட்டேன். ஆனா ராட்டினம் மேலே போனதும் கீழே பார்த்தா தங்கச்சி அங்க இல்ல. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். உச்சம், சிக்கல் என்ற வார்த்தை எதையும் நான் உச்சரிக்கவில்லை. 6ஆம் வகுப்புக்கு இந்த இரண்டு சொல் போதும், ஒரு வருஷம் ஓட்டலாம்.

7ஆம் வகுப்புக்கு நான்கு கேள்வி. இவனுக்கு என்ன வேணும்? ஏன் கிடைக்கல? அதுக்கு என்ன செஞ்சான்? செஞ்சதால என்ன ஆச்சு? மூன்றாவது கேள்வியில்தான் பிள்ளைகள் கதை எப்போதும் நொண்டும், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் ஒன்றுமே செய்யாது. எல்லாம் அதற்கு நடக்கும், மழை பெய்யும், விபத்து வரும், மாமா பணம் கொடுப்பார், கடவுள் காட்சி தருவார், அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பான்.

ஓர் உதாரணம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு 7ஆம் வகுப்புப் பெண் எழுதிக்கொண்டு வந்தது முழுசாக இவ்வளவுதான்:

"எங்கள் வீட்டில் ஓர் ஆடு இருந்தது. அதன் பெயர் மீனா. அது மிகவும் அழகாக இருக்கும். எனக்கு அதை மிகவும் பிடிக்கும். ஒருநாள் அப்பா அதை விற்றுவிட்டார். நான் மிகவும் அழுதேன். நீதி: எதன் மீதும் அதிகம் பாசம் வைக்கக் கூடாது."

அந்த நீதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இதற்கு 10க்கு 5 போட்டு "இன்னும் விரிவாக எழுதவும்" என்று எழுதியிருப்பேன் பழைய நானாக இருந்தால். விரிவாக எழுது என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? "அது மிகவும் மிகவும் அழகாக இருக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும்" என்று பெயரடையைக் கூட்டும். அதற்குப் பதில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விற்கப் போறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரி, அப்பா அம்மாகிட்ட சந்தைக்குப் போறதப் பத்திப் பேசுனாங்க டீச்சர் என்றாள். நீ என்ன பண்ணின?

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கயித்த ஒளிச்சு வச்சேன் டீச்சர்" என்றாள்.

எங்கே? அரிசி மூட்டைக்குப் பின்னாடி. கயிறு இல்லைன்னா கூட்டிட்டுப் போக முடியாதுல்ல, அதனால. காலையில் அப்பா தேடினாரா? தேடினார், என்னையும் தேடச் சொன்னார், நானும் கூடச் சேர்ந்து தேடுற மாதிரி தேடினேன். அப்புறம்? அம்மாவோட பழைய சேலையக் கிழிச்சு முறுக்கிக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க. கயிறு? கயிறு இன்னும் அங்கேயேதான் இருக்கு டீச்சர்.

இதில் நான் எழுதிக்கொடுத்தது ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கேட்ட கேள்விகள் அந்த நான்குதான், வேறு உடுப்பில். இரண்டாம் தடவை அவள் எழுதியபோது கதை அரிசி மூட்டையில் தொடங்கி அரிசி மூட்டையில் முடிந்தது, நீதி தானாகக் காணாமல் போனது, "மிகவும்" என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. ஆட்டின் அழகைப் பற்றியும் ஒரு வரி கிடையாது, அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

ஆனால் 38 பேரையும் இப்படி ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்க உங்களுக்கு ஏது நேரம்? 40 நிமிஷப் பீரியடு, அதில் வருகைப்பதிவுக்கும் சத்துணவுக் கணக்குக்கும் போனது போக மிச்சம். இதற்குத்தான் தலைப்பில் சொன்ன ஆள். கிராமத்தில் கதை சொல்லுகிற பெரியவர்கள் எதிரில் இருப்பவர் "ம்" கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள், தூங்கிட்டியா என்பார்கள். அதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் கதையை நோட்டைப் பார்த்துச் சொல்வார், வாசிக்கக் கூடாது, சொல்ல வேண்டும். மற்றவர் ம் கொட்டுவார். அவருக்கு அனுமதி மூன்றே மூன்று: ம், அப்புறம், ஏன். கதை நன்றாக இல்லை, தப்பு, இப்படி மாத்து என்றெல்லாம் பேசக் கூடாது. சொல்லுகிறவர் கையில் பென்சில் இருக்கும். "ம்" சோர்ந்த இடத்தில் நோட்டில் ஒரு சின்னக் கோடு, "ஏன்" வந்த இடத்தில் ஒரு சுழி. அவ்வளவுதான். சோர்ந்த இடத்தை வெட்டணும், "ஏன்" வந்த இடத்தில் காரணம் சேர்க்கணும். முதல் தடவை கூச்சல் காது கிழியும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. மூன்றாவது வாரத்தில் பழகிவிடும். பெரியவர்கள் தரும் திருத்தத்தைவிட இந்த "ம்" பிள்ளைக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் ம் பொய் சொல்லாது, அது தானாகக் குறைந்துவிடும்.

அடுத்து நேரம். இது எனக்குப் பிடித்த பாடம், பாடநூலில் எங்கும் இருக்காது. பிள்ளைகள் கதையில் காலையில் எழுவதற்கு ஐந்து வரி இருக்கும், "விபத்து நடந்தது. அவன் இறந்தான்" என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். சினிமாவில் ஸ்லோ மோஷன் எங்கே வரும் என்று கேளுங்கள், எல்லாருக்கும் தெரியும். ஹீரோ பல் துலக்கும்போது ஸ்லோ மோஷன் போடுவார்களா என்றால் சிரிப்பார்கள். அப்புறம் சொல்லுங்கள்: பந்து மட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது, எதிரே தலைமையாசிரியர் அறை ஜன்னல் கண்ணாடி. பந்து கண்ணாடியில் பட இன்னும் மூன்று நொடி. அந்த மூன்று நொடியை ஒரு பக்கம் எழுது. யார் எங்கே நின்றார்கள், யார் வாய் திறந்தது, யார் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டான், அடித்தவன் மட்டையை என்ன செய்தான். மறுநாள் அதற்கு நேர் எதிர்: ஒரு முழுக் கோடை விடுமுறையை ஒரே வாக்கியத்தில் எழுது. இந்த இரண்டையும் செய்த பிள்ளைக்குக் கதையில் எங்கே நிற்கணும், எங்கே ஓடணும் என்று கை தானாகச் சொல்லும்.

உணர்ச்சியை எழுதுவது பற்றிக் கேட்டால், நம்மிடமே இருக்கிற தொல்காப்பிய மெய்ப்பாட்டை எடுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை, மொத்தம் எட்டு. மெய்ப்பாடு என்ற சொல்லே உடம்பில் தெரிவது என்றுதானே சொல்கிறது. எட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வேன். வந்த உணர்ச்சியை, அதன் பெயரைச் சொல்லாமல் நான்கு வரியில் எழுத வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். "பயந்தான்" என்று எழுதினால் ஆட்டம் அவுட். இளிவரலும் மருட்கையும் என்ன என்று முதலில் கேட்பார்கள், சொல்லிவிடுங்கள், அவமானமாகக் கூசுவதும் வாய் பிளப்பதும். அச்சம் எதனால் வரும் என்றும் தொல்காப்பியர் நான்கு சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்குப் பயம், மிருகத்துக்குப் பயம், திருடனுக்குப் பயம், அரசனுக்குப் பயம். நம்ம வகுப்புல தம் இறை யாரு என்று ஒருமுறை கேட்டேன், ஒட்டுமொத்த வகுப்பும் தலைமையாசிரியர் அறைப் பக்கம் கை காட்டியது.

இப்போது பேச்சு மொழி. தமிழில் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பதில் உள்ள பெரிய கண்டம் இதுதான், வெளிநாட்டுக் கையேடு எதுவும் இதற்கு உதவாது. பிள்ளை எழுதும்: "தாயே, எனக்குப் பசிக்கிறது. உணவு அளியுங்கள் என்று முருகன் கூறினான்." வீட்ல உங்க அம்மாவ இப்படித்தான் கூப்பிடுவியா என்று கேட்டால் கூச்சப்பட்டு, "எழுதுறப்ப அப்படித்தான டீச்சர் எழுதணும்?" என்பார்கள். ஆக, சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கதை சொல்லுகிறவர் எழுத்துத் தமிழில் பேசுவார், கதையில் வருகிறவர்கள் அவரவர் வீட்டுத் தமிழில் பேசுவார்கள். திருநெல்வேலிக்காரன் "என்னல" என்பான், கோயம்புத்தூர்க்காரர் "ஏனுங்க" என்பார், அப்படியே எழுது, எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றால் காதில் விழுகிறபடி எழுது. இதைச் சொன்ன அன்றே கதைகளின் தரம் மாறுவதைப் பார்க்கலாம். பயிற்சிக்கு, "என்றான்", "என்றாள்" போடாமல் வெறும் உரையாடல் மட்டும் எழுதச் சொல்லுங்கள், யார் பேசுகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிய வேண்டும். ஒரு பையன் எழுதியது:

"அண்ணே, ஒரு பால் பாக்கெட்."
"நேத்து வாங்குனதுக்கே காசு வரல."
"அம்மா சாயங்காலம் தருவாங்களாம்."
"நேத்தும் இதத்தான் சொன்ன."
"அப்ப பாதி பாக்கெட் குடுங்க."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வேணும், கிடைக்கல, என்ன செஞ்சான், எல்லாம் ஐந்து வரிக்குள். இவன் ர, ற வித்தியாசம் இன்னும் பிடிபடாத பையன். தேர்வில் மட்டும் உரையாடலைப் பொதுத்தமிழில் எழுதிவிடு, திருத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது என்று சொல்லி வைப்பேன். அது இரட்டை வேஷம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ர, ற பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் சிவப்புப் பேனா எடுக்கவே எடுக்காதீர்கள். ல, ள, ழ, ந, ன, ண எல்லாம் மூன்றாம் சுற்றில். முதல் சுற்றில் நான் இரண்டே குறி போடுவேன், எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிற இடத்தில் ஒரு கேள்விக்குறி, நான் சிரித்த அல்லது நின்ற இடத்தில் ஒரு நட்சத்திரம். எழுதவே திணறுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள், பல சமயம் வாயால் கதை சொல்வதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அவர்கள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். இல்லையென்றால் ஒரு ஏ4 தாளை ஆறு கட்டமாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. வீட்டுப்பாடமாகக் கதை கொடுப்பதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் எழுதுவார், டியூஷன் அக்கா எழுதுவார், இப்போது கைபேசியே எழுதிக் கொடுக்கிறது. வகுப்பிலேயே எழுதட்டும், பாதியில் நின்றால் நாளைக்கு மீதி.

முடிவுகளுக்கு இரண்டு தடை விதிப்பேன், ஒரு பருவத்துக்கு மட்டும். ஒன்று நீதி. இன்னொன்று "திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு". கனவு என்று முடிக்கிற பிள்ளை சோம்பேறி இல்லை, கதையைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது, வெளியே வர வழி தெரியவில்லை. அந்தக் கதையில் பெரும்பாலும் பாத்திரத்துக்கு என்ன வேணும் என்பதே இருக்காது, திரும்ப அங்கே போனால் முடிவும் கிடைத்துவிடும். பேய், கொலை, ரவுடி சண்டைக்கு நான் தடை போடுவதில்லை. பேய் வரலாம், ஆனால் அந்தப் பேய்க்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கைபேசி விளையாட்டையே கதையாக எழுதுகிற பையன்களுக்கும் இதே நிபந்தனை போதும், ஐம்பது பேரைச் சுட்ட கதை ஒரே ஆளைத் தேடுகிற கதையாக மாறிவிடும்.

8ஆம் வகுப்பு வந்துவிட்டால் வடைக் கதையைத் திரும்ப எடுங்கள், "இந்தச் சின்னப்புள்ளக் கதையா" என்று முகம் சுளிப்பார்கள். இது யாருடைய கதை என்று கேளுங்கள். காக்காவுடையது என்பார்கள், சிலர் நரியுடையது என்பார்கள். அப்போது கேளுங்கள், பாட்டி அன்னைக்கு எத்தன வடை சுட்டா? ஒண்ணு போயிருச்சே, அவளுக்கு நஷ்டம் எவ்வளவு? கதை ஆரம்பிக்கிறதே பாட்டியிடம்தான், ஆனால் வடை போன பிறகு அவளைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படுவதில்லை. அதே கதையைப் பாட்டி சொல்கிற மாதிரி எழுது என்றால், ஒருத்தி எண்ணெய் விலையிலிருந்து தொடங்குவாள், ஒருத்தன் பாட்டி வேண்டுமென்றேதான் காக்காவுக்கு ஒன்றை விட்டாள் என்பான். நோக்குநிலை என்ற சொல்லை அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். முடிச்சு, அவிழ்ப்பு என்ற சொற்களையும் அதே வாரத்தில் கொடுப்பேன். கட்டுவது, அவிழ்ப்பது என்றுதான் அரிஸ்டாட்டிலும் பேசுகிறார், நமக்கு அது பூக்கட்டுகிற பாஷை, உடனே ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று விட்டுப்போனது. சில பிள்ளைகளுக்குச் சண்டை, சிக்கல் என்று எதுவும் வராது, அமைதியான பிள்ளைகள், ஓரமாக நின்று பார்க்கிற ரகம். அவர்களைப் போட்டு "எங்கே சிக்கல்" என்று நான் பல வருஷம் வதைத்திருக்கிறேன். சீனத்து நாலுவரிக் கவிதையிலிருந்து ஜப்பானுக்குப் போன ஓர் அமைப்பு உண்டு, கி, ஷோ, டென், கெட்சு என்று நான்கு பகுதி. ஒன்றைக் காட்டு, அதைக் கொஞ்சம் வளர்த்துக் காட்டு, சம்பந்தமே இல்லாத மாதிரி வேறொன்றைக் காட்டித் திருப்பு, கடைசியில் இரண்டையும் சேர்த்துக் காட்டு. ஜப்பானியப் பத்திரிகைகளில் வருகிற நான்கு கட்டச் சிரிப்புப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். எதிரி தேவையில்லை, மோதல் தேவையில்லை. என் வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண் இந்த நாலு கட்டத்தில் எழுதினாள்: தாத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். யார் போனாலும் நேரம் கேட்பார். என் பையில் நேற்று ஒரு பழைய கைக்கடிகாரம் கிடைத்தது, ஓடுகிறது. இன்றும் தாத்தா நேரம் கேட்டார், நான் நின்று ரொம்ப நேரம் பேசினேன், கடிகாரத்தை வெளியே எடுக்கவில்லை. வேறெந்த முறையிலும் அவளிடமிருந்து இது வந்திருக்காது.

எழுதினதை யாராவது படிக்க வேண்டும், ஆசிரியரைத் தவிர. அரசுப் பள்ளி என்றால் 6 முதல் 9 வரை உள்ள பிள்ளைகளுக்கு வருகிற தேன்சிட்டு இதழுக்கு அனுப்பலாம், ஆனால் எல்லாருடையதும் அதில் வராது. வகுப்புக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுங்கள், மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. நூலகப் புத்தகம் மாதிரி அது ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போய்வரட்டும். பின்னட்டையில் வெற்றுத்தாள் ஒட்டி வையுங்கள், படித்தவர்கள் எழுதுவார்கள். "இந்தக் கயிறு இன்னும் இருக்கிறதா?" என்று யாரோ ஒருவருடைய அம்மா அந்த ஆட்டுக் கதைக்கு எழுதியிருந்தார்.

அந்த 38 நோட்டையும் இன்னும் திருத்திக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ராஜா இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, அந்த ராஜாவுக்கு அன்றைக்கு என்ன வேணும், ஏன் கிடைக்கல என்று மட்டும் கேட்டு, பக்கத்தில் ம் கொட்ட ஓர் ஆளை உட்காரவையுங்கள். எந்தெந்த ராஜா என்னென்ன கேட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.